நீ பார்த்ததை மட்டும் எழுது

ஜனவரி 9

தம்பிக்கு,

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். உன்னைக் கூட்டிக்கொண்டு போகும்போது நீதிமன்றத்து நடைக்கூடத்தில் நின்று கத்தினேனே, "ஏன்டா கையெழுத்துப் போட்டே?" என்று. "நான்தான் செஞ்சேன், அதான் போட்டேன். நீ போக்கா" என்றாய். அந்தப் "போக்கா"வைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் உட்கார்ந்திருந்தேன். ரோஷத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. தூக்கம் போனதுதான் மிச்சம்.

போன வாரம் ஆம்புலன்ஸ் மையத்தில் நான் வேலையில் இருந்தபோது ஓர் அழைப்பு வந்தது. "எங்கப்பா படியில இருந்து விழுந்துட்டாருங்க, சீக்கிரம் வண்டி அனுப்புங்க."

வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "விழுந்ததை நீங்க பாத்தீங்களா?"

"இல்லைங்க. படிக்குக் கீழ கிடக்காரு. அம்மாதான் விழுந்துட்டாருன்னு சொன்னாங்க."

அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அந்த அம்மாவும் பார்க்கவில்லை. படிக்குக் கீழே கிடப்பவர் படியிலிருந்துதான் விழுந்திருக்க வேண்டும் என்று ஆளுக்குப் பாதியாக முடிவு கட்டியிருக்கிறார்கள். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறதா பாருங்கள் என்றேன். கோணியிருந்தது. மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைத்துச் சாய்ந்த மனிதர் அவர். படியில் கால் வைக்கவே இல்லை.

வண்டி போய்ச் சேர்ந்த பிறகு காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்தேன். பதினோரு வருடமாக முன்பின் தெரியாத எல்லாரிடமும் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். கூடப் பிறந்த உன்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

உன் வாக்குமூலம் மூன்று வரி. "நான் இஸ்திரிப் பெட்டியை அணைக்காமல் விரிப்பின் மேல் வைத்துவிட்டுப் போனேன். அதனால் சலவைக்கூடம் தீப்பிடித்தது. மேல்தட்டில் தைத்துக்கொண்டிருந்த தையலம்மா புகையில் இறந்தார்." மூன்று வரிக்கு ஐந்து வருடம்.

ஒரே கேள்வி. அந்தப் பெட்டி அணைக்காமல் இருந்ததை நீ கண்ணால் பார்த்தாயா?

அக்கா


ஜனவரி 24

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே நமக்கு முன்னால் ஒரு எழுத்தர் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். உன் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லச் சொன்னார். உள்ளே இருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: பார்த்தேன். வெளிக்கதவுப் பக்கம் வந்ததும் திரும்பினேன். மேசை மேல் பெட்டி இருந்தது. அதன் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இப்போதும் கண்ணை மூடினால் தெரிகிறது. யாராவது அணைப்பார்கள் என்று நினைத்துப் போய்விட்டேன். எல்லாரும் இரண்டு மணிக்கே போயாகிவிட்டது, கீழே நான்தான் கடைசி. நாலு மணிக்குப் புகை. இதற்கு மேல் என்ன வேண்டும்?

தையலம்மாவை நீ பார்த்ததில்லை. அறுபது வயது. ஓட்டல்களிலிருந்து வரும் விரிப்புகளில் கிழிசல் தைப்பவர். என்னை "ஏப்பா இஸ்திரி" என்று கூப்பிடுவார். தையல் கண்ணுக்குத் தெரியாதபடி ஒட்டுப் போட்டுவிட்டு, எங்கே இருக்கிறது கண்டுபிடி என்று என்னிடம் கொடுப்பார். நான் தோற்பேன். அந்த மனுஷி செத்துப்போனார். நீ பாட்டுக்கு விளக்கைப் பார்த்தாயா என்கிறாய். பார்க்காவிட்டால் அவர் எழுந்து வந்துவிடுவாரா?

இங்கேயும் எனக்குத் துணி துவைக்கிற இடத்தில்தான் வேலை. இஸ்திரிப் பெட்டியை மட்டும் என் கையில் கொடுப்பதில்லை. நியாயம்தானே.

இனி இதைப் பற்றி எழுதாதே. மாமா சௌக்கியமா?

தம்பி


பிப்ரவரி 3

தம்பிக்கு,

மாமா சௌக்கியம். இதைப் பற்றித்தான் எழுதுவேன்.

எங்கள் மேசையில் ஒரு தாள் இருக்கும். மூன்று பாகம். பார்த்தது, கேட்டது, நினைத்தது. அழைப்பவர் பதற்றத்தில் மூன்றையும் ஒரே மூச்சில் கலந்துதான் கொட்டுவார். அவர் பொய் சொல்வதில்லை, கலந்து சொல்கிறார், அவ்வளவுதான். பிரித்து எழுதுவது எங்கள் வேலை. பிரிக்காமல் அனுப்பினால் வண்டி தப்பான மருத்துவமனைக்குப் போகும்.

நீயும் தாளை மூன்றாக மடித்து அந்தச் சனிக்கிழமையை எழுது. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் "இது எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுக்கொள். கண்ணால் பார்த்ததா, யாராவது சொன்னதா, இப்படித்தான் இருந்திருக்கும் என்று நீயே கோத்துக்கொண்டதா?

நீ கடைசியாகப் போனாய், பிறகு தீப்பிடித்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததென்றால் காக்கையை ஐந்து வருடம் உள்ளே போடுவார்களா?

ஒரு தடவை உனக்குக் கண்ணாடி கொடுக்கச் சலவைக்கூடத்துக்கு வந்திருக்கிறேன். வெளிக்கதவுக்கும் உன் மேசைக்கும் நடுவே பெரிய டிரையர்கள் வரிசையாக நின்றதாக ஞாபகம். இதை நான் "நினைத்தது" பாகத்தில்தான் வைக்கிறேன். நீதான் சொல்ல வேண்டும்.

இந்த உறைக்குள் தாள் நாலு வைத்திருக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 21

அக்காவுக்கு,

உன் தாளைப் பத்து நாள் தொடவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை, வெளியே விடவில்லை, எழுதிப் பார்த்தேன்.

"கேட்டது" நிரம்பி வழிகிறது. "நினைத்தது" அதற்கு மேல். "பார்த்தது" பாகத்தில் ஐந்து வரிதான் வந்தது. கடைசி விரிப்பை மடித்தேன். முகம் கழுவினேன். சட்டை மாற்றினேன். கதவைச் சாத்தினேன். பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். பெட்டியை அணைத்தேனா? தெரியவில்லை. வருடத்துக்கு முந்நூறு நாள் அணைக்கிறேன். எந்த நாள் எது என்று எப்படிப் பிரிப்பது?

அந்தச் சிவப்பு விளக்கை எழுதப் போனபோதுதான் பேனா நின்றது.

அந்த அதிகாரி நல்ல மனுஷர் அக்கா. அதட்டவில்லை. இரண்டு தடவை டீ வாங்கிக் கொடுத்தார். ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க தம்பி. கதவுகிட்ட வந்ததும் திரும்பிப் பாத்திருப்பீங்கள்ல?"

"இருக்கலாம் சார்."

"திரும்பினா என்ன தெரியும்?"

"மேசை தெரியும்."

"மேசை மேல?"

"பெட்டி இருக்கும்."

அப்போது ஒரு படத்தை எடுத்து வைத்தார். அதே கம்பெனி, அதே மாதிரி புதுப் பெட்டி. சிவப்பு விளக்கு எரிகிறது. "இப்படி இருந்திருக்கும், இல்லையா?"

"இருந்திருக்கும் சார்."

சாயங்காலத்துக்குள் "இருக்கும்" போய் "இருந்துச்சு" வந்துவிட்டது. எப்போது மாறியது என்று எனக்குத் தெரியாது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். இங்கே அடிகூட இல்லை, டீதான்.

அக்கா, எங்கள் பெட்டியில் விளக்கு எரியாது. அது கெட்டுப்போய் ஐந்தாறு மாதம். சூப்பர்வைசரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டோம். சூடு ஏறிவிட்டதா என்று பார்க்க விரலை எச்சிலில் தொட்டு அடியில் வைப்போம், "சுர்"ரென்று கேட்கும். என் ஆள்காட்டி விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. கையை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தேன்.

அப்படியென்றால் கண்ணை மூடினால் எனக்குத் தெரிகிறதே, அது எந்த விளக்கு? இப்போதுகூடத் தெரிகிறது. பொய் என்று தெரிந்த பிறகும் அணைய மாட்டேன் என்கிறது.

நீ சொன்னது சரி. நடுவில் டிரையர்கள்தான். மேசை தெரியாது.

பயமாக இருக்கிறது.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே மூன்று தடவை படித்தேன். மாமா "என்ன, லாட்டரியா?" என்றார். ஆமாம் என்றேன்.

பயப்படாதே. நேரே வக்கீலிடம் போனேன். மறுவிசாரணை கேட்டு மனுப் போடலாம், ஏப்ரல் பதினைந்துக்குள் போட வேண்டும் என்றார். அதற்குப் பிறகு காலக்கெடு முடிந்துவிடும்.

இன்னொன்றும் தெரிந்தது. உங்கள் டிரையரில் வேலை பார்த்த பெண்ணைப் பார்த்தேன். அன்று காலையில் மசாஜ் நிலையத்துத் துண்டுகள் வந்தனவாம். துவைத்தாலும் அதில் எண்ணெய் முழுக்கப் போகாதாம். டிரையரிலிருந்து எடுத்ததைச் சூடு ஆறவிடாமல் மடித்துக் கூண்டுவண்டியில் அமுக்கச் சொன்னாராம் சூப்பர்வைசர், நேரமாகிறது என்று. அப்படி அமுக்கினால் உள்ளுக்குள்ளேயே சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளுமாம். அதற்கு முந்தின மாதமே ஒரு வண்டி புகைந்து, வாளித் தண்ணீர் ஊற்றி அணைத்திருக்கிறார்கள்.

"இதை ஏம்மா கோர்ட்டுல சொல்லலை?" என்றேன்.

"யாரும் கேக்கலையேக்கா. உங்க தம்பிதான் ஒத்துக்கிட்டாருன்னு சொன்னாங்க. ஒத்துக்கிட்ட பொறவு நாங்க என்ன சொல்றது?"

இப்போது சொல்வாயா என்றேன். அதே முதலாளியின் இன்னொரு கூடத்தில் இப்போது வேலை செய்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பேரை மட்டும் இழுத்துடாதீங்க" என்றாள். வற்புறுத்திப் பார்த்தேன், அழுதுவிட்டாள். ஆக இதுவும் என் "கேட்டது" பாகத்தோடு நிற்கிறது.

பரவாயில்லை. விளக்கு இருக்கிறது, டிரையர் வரிசை இருக்கிறது. வக்கீல் உனக்காக ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி எடுத்துக்கொண்டு வருவார். கையெழுத்துப் போட்டு அனுப்பு. நன்றாகச் சாப்பிடு. தலையை நிமிர்த்தி நட.

அக்கா


மார்ச் 15

அக்காவுக்கு,

உன் மூன்று பாகத்தால் எனக்கு இங்கே பட்டப்பெயரே வந்துவிட்டது. பக்கத்து அறையில் ஒருவரை எல்லாரும் சோப்புத் திருடன் என்பார்கள், அவரோடு யாரும் பேசமாட்டார்கள். "நீ பாத்தியா?" என்று கேட்டேன். "எல்லாரும் சொல்றாங்களே." "எல்லாரும்னா யாரு?" ஒவ்வொருத்தராகக் கேட்டுக்கொண்டே போனால் எல்லா விரலும் ஒரே ஆளைக் காட்டியது. அந்த ஆள், "நான் சும்மா தமாசுக்குச் சொன்னேன்பா" என்கிறான். இப்போது நான் வந்தாலே, "ஏய், பாத்தியாண்ணன் வர்றாரு, வாயை மூடு" என்கிறார்கள். ஒருவன் முதுகில் ஒன்று வைத்தான். பலமாக இல்லை.

இந்தப் பழக்கம் வந்தால் விடாது போலிருக்கிறது. ராத்திரி பகல் என்றில்லை, எதை நினைத்தாலும் "இது எனக்கு எப்படித் தெரியும்?" என்று வந்து நிற்கிறது. அதனால் உன்னிடமும் இரண்டு கேட்க வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

அந்த அதிகாரி பேச்சைத் தொடங்கியதே இப்படித்தான்: "சின்ன வயசுல இருந்தே நீங்க மறதிக்காரராமே?" நான் சிரித்தேன். வீட்டில் என் பெயரே மறதிதானே. அதற்குப் பிறகு அவர் சொன்னதற்கெல்லாம் "இருக்கும் சார்" என்றுதான் வாயில் வந்தது. மறதிக்காரன் எதை அடித்துச் சொல்ல முடியும்? அது அவருக்கு எப்படித் தெரிந்தது அக்கா?

இரண்டாவது. எட்டு வயதில் நான் அடுப்பை அணைக்க மறந்து, பால் பாத்திரம் கருகி, திரைச்சீலை பற்றிக்கொண்டது என்று வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்வீர்களே. அதையும் எழுதிப் பார்த்தேன். "பார்த்தது" பாகத்தில் ஒரு வரிகூட வரவில்லை. நீங்கள் சொல்லிச் சிரிப்பதுதான் ஞாபகம் இருக்கிறது.

தம்பி


மார்ச் 26

தம்பிக்கு,

ஐந்து தாள் கிழித்தாகிவிட்டது.

நான்தான் சொன்னேன். தீப்பிடித்த மறுநாள் அந்த அதிகாரி எனக்குப் போன் செய்தார். சாப்பாட்டு நேரம். உன்னைச் சாட்சியாகத்தான் விசாரிக்கிறார்கள் என்று நினைத்தேன். "உங்க தம்பி எப்படிங்க, ஜாக்கிரதையான ஆளா?" என்றார். நான் சிரித்துக்கொண்டே சொன்னேன், "அவனா? அவன் தலை கழுத்தோட ஒட்டியிருக்கறதால தப்பிச்சுது சார், இல்லேன்னா அதையும் எங்கயாவது வெச்சுட்டு வந்துருவான்." அடுப்புக் கதையையும் சொன்னேன். அவரும் சிரித்தார். எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. பேனாச் சத்தத்தைத் தினமும் கேட்கிறவள் நான். அன்றைக்குக் கேட்டும் உறைக்கவில்லை.

"நீங்க பாத்தீங்களா?" என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுப்பு விஷயம். நீ கேட்ட பிறகு நானும் தாளை மடித்தேன். அன்று வீட்டில் நாம் இரண்டு பேரும்தான். எனக்குப் பதினாலு வயது. எட்டு வயதுப் பிள்ளையைத் தீப்பெட்டியைத் தொடவே அம்மா விடமாட்டாள். அப்படியிருக்க நீ எப்படிப் பால் வைத்திருப்பாய்? இருபத்தாறு வருடத்தில் இந்தக் கணக்கை ஒருவரும் போட்டுப் பார்க்கவில்லை. அம்மா ஓடிவந்து, "யாருடா?" என்றாள். நீ அழுதாய். நான் அழவில்லை. அழுதவன்தான் செய்தவன் என்று ஆகிவிட்டது. நான் பேசாமல் இருந்தேன்.

தீக்குச்சியைக் கிழித்த கை என்னுடையது என்று ஞாபகம் வருகிறது. ஆனால் அது அன்றைய ஞாபகமா, இந்த ஐந்து நாளில் நானே வரைந்துகொண்டதா என்று இப்போது எனக்கும் சொல்லத் தெரியவில்லை. நானாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாரும் அங்கே இல்லை.

மன்னித்துக்கொள் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. வக்கீல் அடுத்த வாரம் வருவார். கையெழுத்துப் போடு. வெளியே வந்து என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

அக்கா


ஏப்ரல் 3

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கோபமா என்றால், இருந்தது. பிறகு, எட்டு வயதில் நானும் நம்பித்தானே இருக்கிறேன் என்று தோன்றியது. அம்மா கேட்டதும் நானே செய்திருப்பேன் என்று நினைத்துத்தான் அழுதிருக்க வேண்டும். பழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது. அதை விடு.

நேற்று வக்கீல் வந்தார். பிரமாணத்தைப் படித்துக் காட்டினார். "மேற்படி சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நான் இஸ்திரிப் பெட்டியை அணைத்து, இணைப்பையும் பிடுங்கி வைத்தேன். இது எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது."

"எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

"அணைக்கலையா?"

"அது தெரியலை."

"தம்பி, அணைச்சீங்களா, அணைக்கலையா? ரெண்டுல ஒண்ணு இருக்குமில்ல?"

"இருக்கும் சார். எதுன்னு எனக்குத் தெரியாது."

பேனாவை மூடினார். "தெரியாதுன்னு சொல்றவனுக்கு எந்த ஜட்ஜும் கதவைத் திறக்க மாட்டாரு. அப்ப ஒத்துக்கிட்டீங்க. இப்ப மறுத்தாத்தான் கேஸ். நடுவுல நிக்க இடம் கிடையாது."

அவர் சொல்வது புரிகிறது அக்கா. ஆனால் பேனா பிடித்த கை வரவில்லை. பார்க்காத விளக்கைப் பார்த்தேன் என்று ஒரு தடவை கையெழுத்துப் போட்டேன். ஞாபகம் இல்லாததை ஞாபகம் இருக்கிறது என்று இன்னொரு தடவை போடுவதா? அந்த ஆள் டீ வாங்கிக் கொடுத்தார், இந்த ஆள் என் நல்லதுக்குச் சொல்கிறார். வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

ஒருவேளை அணைக்காமலும் போயிருக்கலாம். அது இன்னும் இருக்கிறது.

தம்பி


ஏப்ரல் 7, அவசரத் தபால்

டேய் தம்பி,

கையெழுத்துப் போடுடா.

எட்டு நாள்தான் இருக்கிறது. நீ எழுதியதைப் படித்துவிட்டு மையத்தில் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நான் சொல்லிக்கொடுத்ததை எனக்கே திருப்புகிறாயா? நான் உன்னை வெளியே கொண்டுவரத்தான் சொல்லிக்கொடுத்தேன். உள்ளேயே உட்கார்ந்து பயிற்சி செய்ய இல்லை.

சூப்பர்வைசர் கோர்ட்டில் என்ன சொன்னார்? "நிச்சயமா அணைக்கலை சார்." அவர் அங்கே இருந்தாரா? ஒன்றேமுக்காலுக்கே கிளம்பிப்போன மனுஷர். அவருடைய "நிச்சயமா"வை எழுதிக்கொண்டார்கள். ஊரில் எல்லாரும் "நிச்சயமா, நிச்சயமா" என்றுதான் பேசுகிறார்கள், எல்லாரும் வெளியே நடமாடுகிறார்கள். நீ ஒருத்தன் "தெரியாது" என்கிறாய், உள்ளே இருக்கிறாய். ஒரு வரிப் பொய்யடா. ஒரு வரி. உன்னை உள்ளே தள்ளியதும் பொய்தானே?

என் தாளைக் கிழித்துப் போடு. நான் அதைக் கொடுத்திருக்கக் கூடாது. இல்லை, அன்றைக்கே கொடுத்திருக்க வேண்டும், நீ அந்த அறைக்குள் போவதற்கு முன்னால். எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 13

அக்காவுக்கு,

பெரியவள் நீ, காலில் விழுகிறேன் என்றெல்லாம் எழுதாதே. எழுத்தர்கூட அந்த இடத்தைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்.

போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். உனக்காக. வக்கீலை மறுபடி வரச் சொல்லி, தாளைக் கையில் வாங்கிவிட்டேன். "தெளிவாக நினைவிருக்கிறது" என்ற இடத்துக்கு வந்ததும் அந்தச் சிவப்பு விளக்கு வந்தது. இதையும் நாலு தடவை சொன்னால், அணைக்கிற மாதிரி ஒரு படம் எனக்கு வந்துவிடும் அக்கா. என் கை சுவிட்சுக்குப் போவது தெரியும். பிறகு அதுதான் நடந்தது என்று சாகும்வரை நம்புவேன். அது வேண்டாம். என் தலைக்குள் எனக்கென்று இருப்பது ஒரே ஒரு அரை மணி நேரம். அதில் எது ஓட்டை, எது ஒட்டு என்று இப்போதுதான் தெரிய ஆரம்பித்திருக்கிறது.

என் சொந்தக் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். எங்கள் பெட்டியில் விளக்கு எரியாது. கதவிலிருந்து மேசை தெரியாது. வாக்குமூலத்தில் இருப்பது நான் பார்த்தது அல்ல. அணைத்தேனா இல்லையா என்பது எனக்கு ஞாபகம் இல்லை. வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் வாங்கிக்கொண்டார்.

கோபித்துக்கொள்ளாமல் எழுது.

தம்பி


மே 21

தம்பிக்கு,

வக்கீல் சொல்லியிருப்பார். இருந்தாலும் நான் எழுத வேண்டும்.

இருபது நிமிடம்கூட ஆகவில்லை. நீதிபதி உன் தாளைப் படித்தார். நிதானமாகத்தான் படித்தார், அதைச் சொல்ல வேண்டும். உத்தரவில் ஒரு வரி: "மனுதாரர் தன் குற்றத்தை மறுக்கவில்லை." மனு தள்ளுபடி.

மறுக்கவில்லை. சரிதான். எந்த வார்த்தையிலும் தப்பு இல்லை. கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று அம்மா சொல்வாள். உன்னை ஒன்பது மணி நேரம் தீர விசாரித்தார்கள். நான் நாலு மாதம் விசாரித்தேன். கையில் என்ன இருக்கிறது?

வெளியே வந்தபோது ஒரு பெண் என் பின்னாலேயே வந்தாள். என் வயதுதான். தையலம்மாவின் மகள். மனு என்றதும் என்னவென்று பார்க்க வந்திருக்கிறாள். கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"உள்ள படிச்சாங்களே, அது நெசமா? உங்க தம்பி செய்யலையா?"

ஆமாம், செய்யவில்லை என்று சொல்லியிருக்கலாம். சூப்பர்வைசரைச் சொல்லியிருக்கலாம், துண்டு வண்டியைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "தெரியலைங்க" என்றேன். "அவனுக்கும் தெரியலை."

அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு வருசமா தெனமும் காலையில எந்திரிச்சதும் அந்தாளைத் திட்டிட்டுத்தான் வேலையைப் பாப்பேன். அது ஒரு தெம்பா இருந்துச்சு. இனிமே நான் யாரைத் திட்டுறது?" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். போகும்போது ஒன்று கேட்டாள். அவள் அம்மா கடைசியாக யாரிடம் என்ன பேசினார் என்று அவளுக்குத் தெரியாது. கீழே கடைசியாக இருந்தவன் நீதான். அது மட்டும் தெரிந்தால் போதும் என்றாள். நீ விரும்பினால் எழுது. விரும்பாவிட்டால் விட்டுவிடு.

இன்னும் மூன்று வருடம் பத்து மாதம். எண்ணிப் பார்த்தேன்.

அக்கா


ஜூன் 4

அக்காவுக்கு,

நீ "தெரியலை" என்று சொன்னாய் என்று படித்தபோது, அழுகிறேனா சிரிக்கிறேனா என்று பக்கத்தில் இருந்தவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அந்தப் பெண் கேட்டதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. இது வேறு யாரும் சொன்னதில்லை, படத்தில் காட்டியதில்லை. எத்தனை தடவை மடித்துப் பார்த்தாலும் "பார்த்தது" பாகத்தில்தான் விழுகிறது. அன்றைக்கு நீ அனுப்பிய தாளில் இதை எழுதவில்லை. எழுதாமல் ஐந்து வரி என்று உனக்குச் சொன்னேன்.

மேல்தட்டுக்குப் போக ஒரு இரும்பு ஏணி உண்டு. ஆடும். தையலம்மாவுக்கு முழங்கால் வலி. தினமும் வேலை முடிந்ததும் நான் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வேன், அவர் பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்குவார். பத்து நிமிடம் ஆகும். பிடிக்காவிட்டால் அவர் இறங்கமாட்டார், பயம். இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்கள் அதற்குள் போய்விடுவார்கள்.

அன்று இரண்டு பத்துப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்று இருந்தேன். அவசரம் ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று. கீழே நின்று, "அம்மா, இறங்கறீங்களா?" என்று கேட்டேன்.

மேலே இருந்து தலையை நீட்டினார். வாயில் நூல் இருந்தது. அதை எடுத்துவிட்டு, "இன்னும் ரெண்டு இருக்குப்பா. நீ போ, நான் மெதுவா இறங்கிக்கறேன்" என்றார்.

அவரால் இறங்க முடியாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் போ என்றார். எனக்குப் புரிந்தது. "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன்.

ஒன்பது மணி நேரத்தில் இதை யாரும் கேட்கவில்லை. கோர்ட்டிலும் கேட்கவில்லை. எந்தச் சட்டத்திலும் இதற்குத் தண்டனை இல்லை என்று நினைக்கிறேன். பெட்டியை அணைக்காதவன் நான்தான் என்று அவர்கள் சொன்னபோது சட்டென்று ஒத்துக்கொண்டதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். இருக்கலாம்தான். அது "நினைத்தது".

அவர் கடைசியாகச் சொன்னது "நீ போ, நான் மெதுவா இறங்கிக்கறேன்." முகம் சிரித்த முகமாக இருந்தது. அந்தப் பெண்ணிடம் இதைச் சொல். ஏணியைப் பற்றிச் சொல்லாதே. இல்லை, அவள் அம்மா, அவளுக்குத் தெரிய வேண்டியதுதான். காலையில் எழுந்ததும் திட்ட அவளுக்கு ஆள் வேண்டுமல்லவா, சொல்லிவிடு. ஆனால் சொன்னால், இரண்டு மணி நேரம் அவர் அந்த ஏணி உச்சியில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று அவளும் நினைக்க ஆரம்பித்துவிடுவாள், நான் நினைக்கிற மாதிரி.

என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை அக்கா. நீயே பார்த்துச் செய்.

தம்பி